பெயர் பார்க்கும் வேலை

கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கோயில் கொடை நோட்டீஸ், வரி வசூல் ரசீது, பள்ளி வினாத்தாள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். வாசுதேவநல்லூரில் ஒரு குடும்பத்தில் நல்லது கெட்டது எது நடந்தாலும் அதன் எழுத்துவேலையில் ஒரு பங்கு எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேரும். வாசலில் சின்ன போர்டு: டி.டி.பி., ஜெராக்ஸ், லேமினேஷன். உள்ளே ஒரு மேசை, கணினி, லேசர் பிரிண்டர், இன்வெர்ட்டர், இப்போது இரண்டு செல்போன். எழுத்தடிப்பது இந்த வேலையில் கால்வாசிதான். மீதி முக்கால்வாசி பெயர் பார்ப்பது.

நான் தொண்ணூறுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் தமிழ் டைப்ரைட்டிங் படித்தவள். லோயர், ஹையர் பரீட்சைகள் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும். இன்ஸ்டிடியூட் சார் முதல் வகுப்பிலேயே ஆர். முத்தையாவைப் பற்றிச் சொல்லிவிடுவார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிங்கப்பூருக்குப் போய், 247 எழுத்தையும் அந்தச் சின்ன விசைப்பலகைக்குள் கொண்டுவந்த மனிதர். புள்ளியை அடித்தால் வண்டி நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதன் கீழேயே வந்து உட்காரும். ‘கோ’ அடிக்க மூன்று தட்டு: முதலில் இரட்டைக்கொம்பு, அப்புறம் ககரம், கடைசியில் கால். எழுத்து கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் விரல் போகும். அந்த வரிசை என் விரலில் ஏறி உட்கார்ந்தது இன்னும் இறங்கவில்லை. 1999இல் தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. கற்க எளியது, விரலுக்கு வேலை குறைவு. என் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். நான் மட்டும் டைப்ரைட்டர் அமைப்பிலேயே இருக்கிறேன்.

பிறகு ராஜபாளையத்தில் பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் படித்தேன். ஒரு பிரஸ்ஸில் கொஞ்ச காலம் வேலை. கல்யாணமாகி வாசுதேவநல்லூர் வந்து, 2004இல் வீட்டிலேயே மேசை போட்டேன். கடை பிடித்தால் அட்வான்ஸ், வாடகை, கைக்குழந்தையைப் பார்க்க ஆள். வீட்டில் என்றால் அடுப்பில் உலை வைத்துவிட்டு ஒரு பக்கம் அடித்துவிடலாம் என்று நினைத்தோம். அப்படி நடக்காது என்பது சீக்கிரமே தெரிந்தது. பெயர் அடிக்கும்போது நடுவில் எழுந்து போகக் கூடாது. திரும்பி வந்து உட்காரும் இடத்தில்தான் ஒரு பெயர் விட்டுப்போகும், அல்லது ஒரு பெயர் இரண்டு தடவை வந்துவிடும். அதனால் ஒரு பட்டியலை எடுத்தால் முடிக்கும்வரை எழுவதில்லை, யார் கூப்பிட்டாலும். பிள்ளைகள் அதைத் தெரிந்து வளர்ந்தார்கள்.

மேசை எங்கே போடுவது என்பதற்கே யோசனை வேண்டியிருந்தது. அடுப்படிச் சுவரை ஒட்டிப் போட்டால் தாளிப்புப் புகை எண்ணெய்ப் பிசுக்காக விசிறிக்குள் இறங்கும். மேற்கு ஜன்னல் பக்கம் போட்டால் ஆனி, ஆடியில் மலையிலிருந்து வரும் சாரல் காற்று. கணினியைவிடக் காகிதத்துக்குத்தான் அது ஆகாது. ஈரம் ஏறிய தாள் லேசர் பிரிண்டரின் சூட்டில் சுருளும், நடுவழியில் சிக்கும். தாள் கட்டுகளை உறை பிரிக்காமல் பீரோவில், சேலைகளுக்குக் கீழே வைத்துக்கொள்வேன். கடைசியில் கிழக்குச் சுவரோடு, திரை தெருவுக்கு முதுகு காட்டுகிறபடி மேசை போட்டோம். ஒருவர் வீட்டுப் பத்திரிகை அச்சாகி முதல் அழைப்பு போகும்முன் இன்னொருவர் கண்ணில் படக் கூடாது. நிச்சயமான சம்பந்தம் கலைந்துபோனதையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோப்பு என்னோடு நிற்க வேண்டும்.

அந்த நாளில் வேலை முடிந்தால் ட்ரேசிங் தாளில் பிரிண்ட் எடுத்து, கோப்பைப் பிளாப்பியிலோ சிடியிலோ போட்டு, சிவகாசிக்குப் பஸ் ஏற வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், அப்புறம் சிவகாசி. பிளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்.பி.தான், ஒரு நல்ல புகைப்படத்துக்குக் காணாது. அதனால் படத்தைத் தனியே கையில் கொடுத்து அங்கேயே ஸ்கேன் செய்யச் சொல்வோம். பெரும்பாலும் என் வீட்டுக்காரர்தான் போய்வருவார். போகுமுன் நான் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுப்பேன்: எந்த எழுத்துரு, எத்தனை கலர், எந்தப் பெயரில் சந்தேகம் வந்தால் எப்படி இருக்க வேண்டும். அங்கே அதே எழுத்துரு இல்லையென்றால் பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். ஸ்ரீலிபி, பாமினி, வானவில் என்று ஒவ்வொன்றும் தமிழை ஒவ்வொரு இடத்தில் வைத்திருந்தது. எழுத்துருவையும் கூடவே கொடுத்தனுப்பாவிட்டால் அத்தனை பெயரும் காணாமல் போகும்.

மின்வெட்டைப் பற்றிச் சொல்லாமல் வீட்டுத்தொழிலைப் பற்றிச் சொல்ல முடியாது. 2008இல் தொடங்கி 2012இல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு வெளியே பல நாட்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இருக்காது. எங்கள் பக்கம் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காற்றாலை மின்சாரம் வரும், கொஞ்சம் மூச்சு விடலாம். ஐப்பசி பிறந்து காற்று நின்றதும் மறுபடி இருட்டு. 150 ஆம்பியர் மணி பேட்டரியோடு இன்வெர்ட்டர் வாங்கினோம். கணக்குப்படி அதில் 1,800 வாட் மணி. நடைமுறையில் அத்தனையும் கைக்கு வராது. பழைய டப்பா மானிட்டர் அதில் பாதியைத் தின்றுவிடும் என்பதால் தட்டை மானிட்டருக்கு மாறினேன். லேசர் பிரிண்டரை இன்வெர்ட்டரில் போடவே கூடாது. உள்ளே மையை உருக்கி ஒட்டும் உருளை சூடேறும்போது ஒரேயடியாக மின்சாரத்தை இழுக்கும். ஆகவே அடிப்பது இருட்டிலும், பிரிண்ட் எடுப்பது கரண்ட் வந்த பிறகும். கரண்ட் எப்போது வருமோ அப்போது சமையலறையில் மிக்ஸியும் ஓட வேண்டும், மோட்டாரும் ஓட வேண்டும். சட்னியா, கோயில் நோட்டீஸா என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் நோட்டீஸே பல நாள் வென்றது. அத்தை அம்மியை மறுபடி கழுவி எடுத்தது அந்த வருடம்தான்.

அத்தையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். என் மாமியார் அவ்வளவாகப் படித்தவர் இல்லை. ஆனால் எங்கள் தொழிலின் முதல் பிழைதிருத்துநர் அவர்தான். அடித்து முடித்ததும் நான் பட்டியலைச் சத்தமாக வாசிப்பேன். அத்தை கறிவேப்பிலை உருவிக்கொண்டு கேட்பார். “அந்த வீட்டுல தம்பிமாரு மூணு பேருல்லா, நீ ரெண்டு பேருதான வாசிச்ச?” என்பார். “மூத்தவளுக்கு முன்னால இளையவ பேரு வந்துட்டே, சண்ட வரும்மா” என்பார். எழுதிக் கொடுத்த தாளில் அப்படித்தான் இருக்கிறது என்றால், தாளை விட்டுவிட்டு ஆளைக் கேள் என்பார். கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் அத்தை சொன்னதுதான் சரியாக இருக்கும். கல்யாண வீட்டு அவசரத்தில் எழுதிக் கொடுப்பவர்கள் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயரைத்தான் விட்டுவிடுவார்கள். பெண்ணின் தாய்மாமன் பெயரே இல்லாமல் ஒரு பட்டியல் வந்தது, எழுதியவரே தாய்மாமன்.

பெயருக்கு அடுத்தபடி கிழமை. தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, நட்சத்திரம், லக்கினம், எத்தனை மணிக்கு மேல் எத்தனை மணிக்குள் என்று ஆறு விஷயம் ஒரே வாக்கியத்தில் வரும். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பஞ்சாங்கத்தையும் தினசரிக் காலண்டரையும் திறந்து பார்க்காமல் நான் எதையும் வெளியே விட்டதில்லை. போன வருடப் பத்திரிகையை மாதிரிக்குக் கொண்டு வருபவர்கள் அதிலிருக்கும் வருடப் பெயரை அப்படியே எழுதிவிடுவார்கள். குரோதி போய் விசுவாவசு வந்தது 2025 சித்திரையில். அந்தக் கோடையில் குரோதி என்று எழுதிய தாள்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதுவரை எங்கள் தெருவில் இன்டர்நெட் என்பது காசைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்யும் பொருள். சில மாதங்களில் வேலையின் போக்கே மாறியது. சிவகாசிக்குப் பஸ் ஏறுவது நின்றது. பி.டி.எஃப். கோப்பு போகும், அச்சடித்த கட்டு பஸ் பார்சலில் வரும். பட்டியலைத் தாளில் எழுதிக் கொண்டுவருபவர்கள் குறைந்து, தாளைப் படம் எடுத்து அனுப்புபவர்கள் கூடினார்கள். 2017இல் கூகுள் தமிழில் பேசினால் எழுதும் வசதியைப் போனில் கொடுத்தது. எழுதக் கூச்சப்பட்ட பெரியவர்களும் போனைப் பார்த்துப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. வயலில் நின்றபடியே ஒருவர் தன் பேத்தியின் சடங்குக்கு அழைப்பவர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பிவிட முடிகிறது. ஆனால் போன் கேட்டதை எழுதுமே தவிர, வேலம்மாள் வீட்டுக்காரர் தன் இனிஷியலை ‘சு.’ என்று போடுவாரா ‘எஸ்.’ என்று போடுவாரா என்பது அதற்குத் தெரியாது. கண்ணன் கன்னனாகவும், வள்ளி வல்லியாகவும் வரும். அதனால் பேசி அனுப்பியதையும் கையால் எழுதியதைப் போலவே சத்தமாக வாசித்துத்தான் பார்க்கிறேன்.

வசதி வந்ததில் ஒன்று போய்விட்டது. முன்பெல்லாம் புரூஃப் பார்க்க வீட்டுக்கு வருவார்கள். பெண் வீட்டில் இரண்டு பேர், மாப்பிள்ளை வீட்டில் இரண்டு பேர், கூட ஒரு சித்தப்பா. திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு வரி வரியாகப் பார்ப்பார்கள். தாளின் அடியில் ‘பார்த்தேன், சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் படம் போன அடுத்த நொடியில் ஒரு கட்டைவிரல் வரும். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. கைக்குள் அடங்கும் திரையில் நாற்பது பெயரை யாரும் வாசித்திருக்க முடியாது. ஆகவே இரண்டு அனுப்புகிறேன். ஒன்று, பத்திரிகையின் பி.டி.எஃப். இன்னொன்று, பெயர்களை மட்டும் ஒரு வரிக்கு ஒன்றாகச் சாதாரணச் செய்தியாக. அதைப் பெரிய எழுத்தில் வாசிக்கலாம், வீட்டுப் பெரியவருக்குச் சொல்லிக் காட்டலாம். “சரி, எல்லாப் பேரும் இருக்கு” என்று குரலிலோ எழுத்திலோ வந்த பிறகுதான் கோப்பு அச்சுக்குப் போகும். கொஞ்சம் கோபப்படுவார்கள். “யக்கா, தம்ஸ் அப் போட்டேனே” என்பார்கள். “பெரியப்பா பாத்தாங்களா தம்பி?” என்று கேட்டால் அமைதியாகிவிடுவார்கள்.

அப்படிப் பெயர்களைச் செய்தியாக அனுப்ப முடிவதே யூனிகோடால்தான். 2010 ஜூனில் தமிழக அரசு அதைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் தெரியாது; அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். 2012இல் வந்த இன்டிசைன் சிஎஸ்6 தமிழைச் சரியாகக் கோக்க ஆரம்பித்த பிறகுதான் அடிப்பது, அனுப்புவது, அச்சடிப்பது மூன்றும் ஒரே எழுத்தில் நடந்தது. எங்கள் தொழிலில் பலர் இன்னும் பழைய எழுத்துருவை விடவில்லை. அழகான தலைப்பெழுத்துகள் அதில்தான் அதிகம் என்பது உண்மை. தலைப்புக்கு வைத்துக்கொள்ளட்டும், பெயர்களை யூனிகோடில் அடியுங்கள் என்று என்னிடம் பழக வரும் பிள்ளைகளுக்கு ஒரு பிடிவாதமாகவே சொல்கிறேன்.

துக்க வேலை தனி. அது ராத்திரியில்தான் வரும். “தாத்தா தவறிட்டாவக்கா, விடியுமுன்ன போஸ்டர் ஒட்டணும்” என்று ஒரு பையன் குரல் உடைந்து பேசும்போது வேலை நேரம் முடிந்தது என்று சொல்ல முடியுமா? 2018இல் வாட்ஸ்அப் பிசினஸ் வந்ததும், தொழிலுக்குத் தனி எண் வைத்து, ராத்திரி எட்டு மணிக்கு மேல் வரும் செய்திகளுக்குத் தானாகப் பதில் போகும்படி செய்தேன்: நாளை காலை பார்க்கிறேன், அவசரத் துக்கத்துக்கு மட்டும் வீட்டு எண்ணுக்குப் பேசவும். கல்யாண வீட்டார் அதை மதிக்கிறார்கள். வீட்டு எண் ராத்திரி அடித்தால் எங்கள் எல்லோருக்கும் காரணம் தெரியும். வீட்டுக்காரர் எழுந்து தண்ணீர் எடுத்து வைப்பார், நான் கணினியைப் போடுவேன்.

படம்தான் சிக்கல். பெரியவர்கள் பலருக்குத் தனிப் படம் இருக்காது. ஆதார் அட்டைப் படத்தை அனுப்புவார்கள். அதை வைத்துப் பெரிதாக்கினால் முகம் கரைந்துவிடும். பேத்தி கல்யாண ஆல்பத்தில் தேடச் சொல்வேன். கிடைத்ததைச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், டாகுமெண்ட்டாக அனுப்பு என்று அழுதுகொண்டிருக்கும் பிள்ளைக்குப் போனிலேயே பொறுமையாகச் சொல்ல வேண்டும். பின்னால் நிற்பவர்களை எடுத்துவிடுவேன், நிறத்தைத் தூக்குவேன். முகத்தைத் தொட மாட்டேன். சுருக்கத்தை எல்லாம் வழித்துவிட்டு முப்பது வயது ஆளாக்கிக் காட்டும் செயலிகள் இப்போது எல்லோர் போனிலும் இருக்கின்றன. ஊர் பார்த்துப் பழகிய முகத்தோடுதான் அவர் சுவரில் இருக்க வேண்டும். பிறந்த தேதியும் அப்படித்தான். ஆதாரில் வருடம் மட்டும் இருக்கும், அல்லது ஜனவரி 1 என்று இருக்கும். வீட்டில் யாருக்கும் நாள் தெரியாவிட்டால் வருடத்தை மட்டும் போடுகிறேன். இல்லாத ஒரு நாளை அவருக்கு நான் கொடுப்பதற்கில்லை.

படத்துக்காக வந்த ஆதார் நகலை வேலை முடிந்ததும் போனிலிருந்தும் கணினியிலிருந்தும் அழிக்கிறேன். விண்ணப்பம் பூர்த்தி செய்ய வருபவர்கள் பான், பாஸ்புக் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு மறந்துவிடுவார்கள். அவர்கள் மறந்தது என் போனில் கிடக்கும், அந்தப் போனில் என் பையன் விளையாடுவான். 2020 மார்ச் ஊரடங்கில் தொழில் போன்தான் பள்ளிக்கூடமும் ஆனது. காலையில் மகனுக்கு வகுப்பு, நடுவில் வாடிக்கையாளர் அழைப்பு. கல்வித் தொலைக்காட்சி இருந்ததால் கொஞ்சம் தப்பித்தோம். கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்று ஆனபோது அச்சுவேலை அறவே நின்று, படப் பத்திரிகை மட்டும் வந்தது. அந்த மாதங்களில்தான் இரண்டாவது போனை வாங்கினோம், கடனில். தொழிலுக்கானதை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினோம். வீட்டில் தொழில் செய்பவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: காசு இல்லாவிட்டாலும் முதலில் போனைப் பிரியுங்கள்.

ஊருக்கே பெயர் மாற்றம் வந்தாற்போலச் சில வருடங்கள் இருந்தன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, கடைவீதியில் பதிவு உள்ள ஒவ்வொரு கடைக்கும் பில் புத்தகம் மாற்ற வேண்டியிருந்தது. 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்பு, ரசீது என்று திருநெல்வேலி மாவட்டம் இருந்த இடத்திலெல்லாம் தென்காசி மாவட்டம் ஏறியது. ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவுநாளுக்கும் செப்டம்பர் 1 பூலித்தேவன் பிறந்தநாளுக்கும் பச்சேரி, நெற்கட்டும்செவல் பக்கம் வைக்கும் போஸ்டர்களிலும் அந்த வருடத்துக்குப் பிறகு மாவட்டம் வேறு.

இப்போது மத்தியான நேரங்களில் பழைய கோப்புகளோடு இருக்கிறேன். எக்ஸ்பி ஓடும் பழைய கணினி ஒன்றை இதற்காகவே வைத்திருக்கிறோம். 2014 ஏப்ரலோடு மைக்ரோசாஃப்ட் அதற்குப் பாதுகாப்பு கொடுப்பதை நிறுத்திவிட்டதால் அதை இன்டர்நெட்டில் இணைப்பதில்லை. பழைய பேஜ்மேக்கர் கோப்புகள் அதில்தான் திறக்கும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் வழியாக யூனிகோடுக்கு மாற்றுகிறேன். மாற்றியதும் வேலை முடிவதில்லை. டைப்ரைட்டர் பழக்கத்தில் எங்கள் தலைமுறை ‘ர்’ என்பதற்குப் பதில் கால் போட்டுப் புள்ளி வைத்து அடித்திருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. நாச்சியார் என்று தேடினால் அப்படி அடித்த நாச்சியார் ஒருவரும் வரமாட்டார். ஔவைக்கு ஒகரமும் ளகரமும் சேர்த்து அடித்ததும் அப்படியே. ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும்.

யார் கேட்கப் போகிறார்கள் என்றார் வீட்டுக்காரர். கேட்கிறார்கள். வளைகுடாவில் இருக்கும் ஒருவர் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு அழைக்க, இறந்துபோன தன் அப்பா தன் தங்கை கல்யாணத்துக்கு யார் யாரை எந்த வரிசையில் போட்டிருந்தார் என்று கேட்டார். அரைமணி நேரத்தில் அனுப்பினேன். அதில் அவருக்குப் பெயரே மறந்திருந்த ஒரு பெரியம்மா இருந்தார். புளியங்குடியில் நன்றாக இருக்கிறார், அழைத்தார்கள், வந்தார்.

2009 வரை முடித்திருக்கிறேன். அடுத்த சில வருடங்கள் சிடியில் இருக்கின்றன. சில திறக்கின்றன, சில திறப்பதில்லை. திறக்காதவற்றுக்கு, அச்சடித்த பத்திரிகை பீரோ அடியில் கிடந்தால் எடுத்து வரும்படி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொண்டு வந்தால் ஸ்கேன் செய்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுவேன். பெயர்களை மகள் வாசிக்க நான் அடித்துக்கொள்கிறேன், காது கொஞ்சம் மந்தமாகிவிட்டாலும் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து யார் விட்டுப்போனது என்று சொல்கிறார்.